பால் பைத்தானுக்கு மூச்சு இழுக்கிறது, தொட்டியில் என்ன தப்பு?

சிப்புட்காரன் | திங்கள், இரவு 11.20

வணக்கம். மலேசியா, பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். டவுனிலிருந்து பத்து நிமிஷம் உள்ளே, பழைய தோட்ட லயத்தை இடித்துவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பு, பின்வாசலைத் திறந்தால் செம்பனைதான். என்னிடம் நான்கு வயதுப் பெண் பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒன்று இருக்கிறது, பெயர் கருப்பி. மூன்று வருஷமாக ஒரு குறையும் இல்லை. போன வாரம் எலியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, சட்டை உரிக்கப்போகிறது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி பாட்டிதான் கண்டுபிடித்தார். பாம்பு இருக்கிற அறைக்குள் கால் வைக்கவே மாட்டார், வாசலில் நின்றபடி "அதுக்கு நெஞ்சு கட்டியிருக்குடா, காதை வச்சுக் கேளு" என்றார். கண்ணாடியில் காதை வைத்தேன். சைக்கிள் பம்பில் காற்று கசிவது மாதிரி ஒரு மெல்லிய விசில், நடுநடுவே டிக் டிக் என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் வாயோரத்தில் சோப்பு நுரை போல இரண்டு மூன்று குமிழி. தலையைத் தரையில் வைக்காமல் கண்ணாடியில் சாய்த்து மேலே தூக்கியே வைத்திருக்கிறது.

தொட்டி விவரம்: மூன்றடி மீன் தொட்டி. மேலே கம்பி வலை, ஈரப்பதம் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னதால் அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறேன். அடியில் தேங்காய் நார்த்தூள், நாலு அங்குலம் இருக்கும். ஒரு பக்கம் தொட்டிக்கு வெளியே அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு). காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பேன். ஒட்டுகிற வட்ட தெர்மாமீட்டர் 31 டிகிரி காட்டுகிறது. எனக்கு வேலை இரவு ஷிஃப்ட், பகலில் அந்த அறையில்தான் ஏர்கான் 20இல் போட்டுத் தூங்குவேன்.

டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தேன், பூனை நாய் மட்டும்தான் பார்ப்போம் என்று வைத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்? நிஜமாகவே பயமாக இருக்கிறது.

ஊர்வன அக்கா | திங்கள், இரவு 11.52

தம்பி, முதலில் ஏர்கானை நிறுத்துங்கள், இப்போதே. அந்தப் பிளாஸ்டிக்கையும் கிழித்து எறியுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும், விசில், குமிழி, தலையைத் தூக்கி வைத்திருப்பது, மூச்சுத்தொற்றுக்கு உரியவை. பாம்பால் நம்மைப் போல இருமிச் சளியைத் துப்ப முடியாது, அதற்கு உதரவிதானம் கிடையாது. உள்ளே சேர்ந்த சளி வெளியே வர வழியில்லாமல் நிற்கும், அதனால்தான் மூச்சுக்குழாயை நேராக வைத்துக்கொள்ளத் தலையைத் தூக்குகிறது. இதைத் தானாகச் சரியாகிவிடும் என்று விடக்கூடாது. ஊர்வன பார்க்கிற மருத்துவர் ஈப்போவில் கிடைப்பார், நாளைக் காலை போன் போட்டுக் கேளுங்கள். அங்கே அமையவில்லை என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, தூரம்தான், ஆனாலும் போகலாம்.

நான் கூலிமில் ஆறு பாம்பு வளர்க்கிறேன். உங்கள் தொட்டியைப் படிக்கும்போதே வயிறு கலங்கியது, ஏனென்றால் என் முதல் பாம்பு இதே மாதிரித் தொட்டியில்தான் போனது.

செம்பனை மண்டோர் | செவ்வாய், காலை 6.15

தம்பி, நான் தோட்டத்தில் முப்பது வருஷம் ஓட்டியவன், பாம்பு எனக்குப் புதுசு இல்லை. சளி என்றால் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர், சாம்பிராணிப் புகை லேசாகக் காட்டினால் நெஞ்சு இளகும். தைலம் ஒரு சொட்டுத் துணியில் விட்டு மூலையில் வையுங்கள். சாப்பிட மாட்டேன் என்கிறது என்றால் கடை எலியில் ருசி இல்லையோ என்னவோ, எங்கள் பிளாக்கில் எலி நிறைய, கூண்டு வைத்துப் பிடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

வெட் மாணவி | செவ்வாய், காலை 7.40

மண்டோர் அண்ணே, நல்ல மனசில் சொல்கிறீர்கள், ஆனால் இதில் ஒன்றுகூட வேண்டாம்.

புகையும் தைலமும் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை இன்னும் எரிக்கும். சாம்பிராணி மட்டும் இல்லை, கொசுவர்த்தி, பூச்சி ஸ்ப்ரே, சிகரெட், வேப் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. டெங்கிக்கு வண்டியில் புகையடிக்க வருகிறார்களே, அது பூச்சிக்கொல்லி. அன்றைக்குப் பாம்பை ஒரு பெட்டியில் போட்டு வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வீடு நன்றாகக் காற்றாடிய பிறகு கொண்டுவாருங்கள்.

தோட்டத்து எலி வேண்டவே வேண்டாம். செம்பனை அடியில் வைக்கிற எலிமருந்துக் கட்டி உங்களுக்கே தெரியும் அண்ணே. அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும், அந்த எலியைத் தின்கிற பாம்புக்கும் ஆந்தைக்கும் விஷம் போய்ச் சேரும். ஒட்டுண்ணிகளும் இருக்கும். எலியைக் கையில் பிடிக்கிற உங்களுக்குக் கென்சிங் திக்குஸ் (எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல்) வருகிற ஆபத்து தனி.

சிப்புட் அண்ணா, இப்போது இரையே கொடுக்காதீர்கள். வளர்ந்த பால் பைத்தான் பல வாரம், சமயத்தில் பல மாதம்கூடச் சாப்பிடாமல் தாங்கும். நோயில் கிடக்கும்போது வலுக்கட்டாயமாக ஊட்டினால் கக்கிவிடும், அது இன்னும் மோசம். சமையலறைத் தராசில் எடை எடுத்து எழுதி வையுங்கள், மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். மூச்சுக்காகத் தலையைத் தூக்குவது வேறு, தலை பின்பக்கமாக வானத்தைப் பார்த்து முறுக்கிக்கொள்வதும் நிலை தடுமாறுவதும் வேறு. பிந்தியது நரம்புக் கோளாறு. அப்படி இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

செம்பனை மண்டோர் | செவ்வாய், காலை 8.05

சரிம்மா, புரிந்தது. எலிமருந்துக் கட்டியை நானே ஆள் வைத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷம் முன்பு ஆந்தைக்கூட்டுக்கு அடியில் செத்துக் கிடந்த ஆந்தை இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. எலி பேச்சை விட்டுவிடுகிறேன். தம்பி, ஈப்போ போக காடி (கார்) வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

சிப்புட்காரன் | செவ்வாய், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. மண்டோர் அண்ணன் சொன்னபடியே காடியோடு வந்தார், அதை மறக்கமாட்டேன்.

ஈப்போவில் ஒரு மருத்துவர் பார்த்தார். வாயைப் பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஒன்றால் மெல்லத் திறந்து உள்ளே காட்டினார். நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாய் வாய் சின்னப் பொத்தான் துளை போல் திறந்து மூடுகிறது, திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் கஞ்சி மாதிரிச் சளி எட்டிப்பார்க்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தார், சளியைப் பஞ்சில் எடுத்து எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்பியிருக்கிறார். அதுவரைக்கும் செஃப்டாசிடைம் ஊசி, மூன்று நாளைக்கு ஒன்று, மொத்தம் எட்டு. முதல் ஊசியை அவரே போட்டார், மீதி ஏழையும் அளந்து சிரிஞ்சில் அடைத்துக் கொடுத்தார், ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்பு 1,320 கிராம் இருந்தது, இன்று 1,210. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி "கூண்டில் எத்தனை டிகிரி?" நான் 31 என்றேன். "எதை வைத்து அளந்தீர்கள்?" என்றார்.

வரும் வழியில் டவுனில் கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரும் ஈரப்பத மீட்டரும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து முனையை நார்த்தூள் மேல், கருப்பி படுக்கிற இடத்தில் வைத்தேன்: 25. அதே இடத்தில் தூளைத் தோண்டிக் கண்ணாடி மேல் வைத்தேன்: 44. ஈரப்பதம் 96. வட்ட தெர்மாமீட்டர் அப்போதும் 31தான். இத்தனை நாளும் அதை நம்பித்தான் இருந்திருக்கிறேன்.

தோண்டும்போது அடியில் தூள் கறுத்துக் கட்டிக் கட்டியாக, நனைந்த கோணிச்சாக்கு நாற்றம், ஒரு மூலையில் வெள்ளைப் பூஞ்சை. என் முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்த தொட்டியில் இது எனக்குத் தெரியவே இல்லை.

ஊர்வன அக்கா | செவ்வாய், இரவு 10.15

25க்கும் 44க்கும் காரணம் இதுதான் தம்பி: ஹீட் மேட் சூடு நாலு அங்குல ஈரத்தூளைத் தாண்டி மேலே ஏறாது, அடியிலேயே தேங்கும். மேலே படுத்தால் குளிர். குளிருகிறதே என்று குடைந்துகொண்டு கீழே போனால் வயிறு வேகும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட் ஒன்றில் என் தோழியின் பாம்புக்கு வயிற்றுச் செதில் வெந்து வருஷக்கணக்கில் வடுவோடு இருந்தது.

நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். வெளிநாட்டு வீடியோக்கள் குளிர் நாட்டுக்காரர்களுக்காக எடுத்தவை. அங்கே ஹீட்டர் ஓடுகிற அறையில் காற்று காய்ந்து கிடக்கும், அதனால் மூடு, தெளி, ஈரத்தைப் பிடித்து வை என்கிறார்கள். நம் ஊரில் ராத்திரி ஜன்னலைத் திறந்தாலே ஈரப்பதம் தொண்ணூறைத் தொடும். நமக்கு வேண்டியது ஈரம் இல்லை, காற்று. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிப் பக்கத்துப் பாம்பு, எலி வளையிலும் கறையான் புற்றிலும் ஒதுங்குகிறது. வளைக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கும், ஆனால் ஊறிக்கிடக்காது. 60 முதல் 70 சதவீதம் போதும், சட்டை உரிக்கிற நாட்களில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. நாற்றமடிக்கிற, அசையாத ஈரக்காற்றில் குளிரும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஊசி நோயை நிறுத்தும். ஆனால் அதே தொட்டிக்குள் திரும்ப விட்டால் இரண்டு மாதத்தில் மறுபடியும் இதே இழையில் எழுதுவீர்கள்.

இப்போதைக்கு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தோங் (பெட்டி) எடுங்கள், பக்கவாட்டில் சூடுவைத்துத் துளை போடுங்கள், அடியில் தூள் எதுவும் வேண்டாம், சமையலறை டிஷ்யூ பேப்பர் மட்டும். சளி விழுந்தால் தெரியும், கழித்தால் தெரியும், தினமும் மாற்றலாம். ஒளிந்துகொள்ள ஒரு ஹைட், ஒரு தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான்.

வெட் மாணவி | செவ்வாய், இரவு 11.05

அக்கா சொன்னது சரி. சிகிச்சை முடியும்வரை ராத்திரியிலும் சூட்டைக் குறைக்காதீர்கள், 30க்குக் கீழே போகவிடாமல் சூடான பக்கம் 32 வரை வைத்திருங்கள். பாம்பின் உடம்புச் சூடு வெளிச் சூடுதான். குளிரில் எதிர்ப்புச் சக்தியும் வேலை செய்யாது, மருந்தும் உடம்பில் சரியாக ஓடாது. அதனால்தான் மருத்துவர் முதலில் டிகிரி கேட்டார்.

ஊசி உடம்பின் முன் மூன்றில் ஒரு பங்கில்தான் போட வேண்டும், காட்டிக்கொடுத்திருப்பார். பின்பக்கம் போட்டால் மருந்து உடம்பு முழுக்கச் சுற்றுவதற்கு முன் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து இளக விடுங்கள், சுடுதண்ணீரிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள். இன்று இடது பக்கம் என்றால் அடுத்தது வலது பக்கம்.

ஊசிக்கு மட்டும் கையில் எடுங்கள், மற்ற நேரம் தூக்கவே வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றில் சால்மொனெல்லா சாதாரணமாக இருக்கும், வீட்டில் வயதானவர் இருக்கிறார், சமையலறை சிங்க்கில் கிண்ணத்தைக் கழுவாதீர்கள்.

மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் நிடோவைரஸ் சோதனை பற்றிக் கேளுங்கள். பால் பைத்தான்களில் அந்த வைரஸை 2014இல்தான் அடையாளம் கண்டு எழுதினார்கள், வெளியே பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். வேறு பாம்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பாம்பைத் தொட்ட கையோடு அதைத் தொடக்கூடாது.

தைப்பிங் தம்பி | புதன், மதியம் 1.10

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் கார்ன் ஸ்னேக் வைத்திருக்கிறேன், எட்டு மாதம்தான். இங்கே மழை தினமும். என் பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாக ஏதோ மிதக்கிறது, கண்ணைச் சுற்றியும் இரண்டு புள்ளி. அழுக்கா?

ஊர்வன அக்கா | புதன், மதியம் 1.45

அழுக்கு இல்லை தம்பி, பாம்பு உண்ணி. ஈர டிஷ்யூவை உடம்பில் ஓட்டிப் பாருங்கள், கறுப்புப் புள்ளி நகர்ந்தால் அதுதான். ரத்தம் உறிஞ்சும், ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு நோயையும் கடத்தும். பூச்சி ஸ்ப்ரே அடித்துவிடாதீர்கள், பாம்பே போய்விடும். தூள், மரக்கட்டை எல்லாவற்றையும் பையில் கட்டி வெளியே போடுங்கள், மூலை இடுக்குகளில்தான் முட்டை இருக்கும். மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் ஆமை இருந்தால் அதையும் சொல்லுங்கள், பாம்புக்குக் கொடுக்கிற ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

சிப்புட்காரன் | மூன்றாவது ஊசி நாள், காலை 8.00

கருப்பி என் கையில் தழும்பு விழுகிற அளவுக்கு இறுக்கிவிட்டாள். பாட்டி வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டார், அதுதான் செய்தி. எனக்கு ஒற்றைக் கையால் ஊசி போட வரவில்லை, உடம்பை யாராவது தாங்க வேண்டும். "நாகம்மாவைத் தொட்டால் என்ன, புற்றுக்குப் பால் ஊத்தினவதானே நான்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். முப்பத்தைந்து வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை, நடுங்கவே இல்லை. செதில்களுக்கு நடுவில் ஊசி போனபோது கருப்பி ஒருமுறை சுருங்கி விட்டாள், பாட்டி "அவ்ளோதான், அவ்ளோதான்" என்று குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னார்.

விசில் குறைந்திருக்கிறது. குமிழி இன்னும் காலையில் வருகிறது. எடை 1,196. கிருமிச் சோதனை முடிவு வந்துவிட்டது, இதே மருந்து அதற்குக் கேட்கும் என்றார் மருத்துவர்.

நேற்று மாலை இடி விழுந்து கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. அக்கா முன்பு வேறு இழையில் எழுதியது ஞாபகம் வந்து, சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி தோங்குக்குள் ஓரமாக வைத்தேன். 29க்குக் கீழே போகவில்லை.

ஊர்வன அக்கா | அன்றே, காலை 8.40

பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்கள். எட்டு ஊசியையும் முடியுங்கள், சத்தம் நின்றுவிட்டது என்று ஐந்தில் நிறுத்தாதீர்கள். ஓய்வாக இருக்கும்போது புதுப் பெட்டியை ஆரம்பித்துவிடுங்கள்.

செம்பனை மண்டோர் | அன்றே, மாலை 6.30

தம்பி, என் தம்பி மகன் கபினெட் செய்கிறவன். வெளியே கிடக்கிற சமையலறைக் கபினெட் ஒன்று இருக்கிறது, கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடலாம் என்கிறான். அளவைச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு விஷயம், எங்கள் பிளாக்கில் போன மாதம் பெரிய சாவா (காட்டு மலைப்பாம்பு) ஒன்று பிடித்தார்கள், பையன்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். என்ன சொல்ல?

வெட் மாணவி | அன்றே, இரவு 9.10

வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணே. சாவா பாதுகாக்கப்பட்ட இனம், தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அந்த 716 சட்டம், அதன்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பிடிக்க ஆள் வேண்டும் என்றால் 999. பால் பைத்தானும் சைட்ஸ் (அழியக்கூடிய உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிற இனம்தான், அதனால் வளர்க்கிற எல்லாரும் வாங்கிய ரசீதையும் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள், உரிமம் பற்றிப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் நேரில் கேட்டுச் செய்யுங்கள்.

சிப்புட்காரன் | ஆறாவது வாரம், ஞாயிறு, மாலை 5.15

எழுத நாளாகிவிட்டது. எட்டு ஊசியும் முடிந்தது, திரும்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், நுரையீரல் தெளிவாக இருக்கிறது. கண்ணாடியில் காதை வைத்தால் இப்போது ஒன்றுமே கேட்பதில்லை. தினமும் வைத்துப் பார்க்கிறேன்.

பெட்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன். நான்கடி நீளம், இரண்டடி ஆழம், இரண்டடி உயரம். மண்டோர் அண்ணன் கொடுத்த கபினெட்தான், மெலமின் பலகை. இது ஈரம் பட்டால் விளிம்பில் ஊதும், அதனால் உள் விளிம்பு எல்லாவற்றிலும் மீன் தொட்டி சிலிக்கோன் இழுத்தோம். வினிகர் மாதிரி வாசனை அடிக்கும், அது முழுக்கப் போகும்வரை ஒரு வாரம் வீட்டு வாசல் ஐந்தடி நடையில் திறந்தே கிடந்தது. முன்னால் இரண்டு தள்ளுக் கண்ணாடி. மேலிருந்து கை வந்தால் பாம்பு பருந்து என்று பயப்படும் என்று அக்கா சொன்னதற்கப்புறம் மேல்கதவு யோசனையையே விட்டுவிட்டேன்.

காற்றுத் துளை விஷயத்தில்தான் அதிகம் மண்டையை உடைத்தோம். முதலில் இரண்டு பக்கமும் மேலே போட்டோம், ஈரப்பதம் 85லேயே நின்றது, அசையவே இல்லை. அப்புறம் குளிர்ந்த பக்கம் தரையிலிருந்து மூன்று அங்குலத்தில் ஒரு வரிசை, சூடான பக்கம் கூரைக்குக் கீழே ஒரு வரிசை என்று மாற்றினோம். சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும், கீழே புதுக் காற்று உள்ளே வரும். ஊதுபத்தியை வெளியே பிடித்துப் பார்த்தோம் (கருப்பி அப்போது வேறு அறையில்), புகை கீழ்த்துளைக்குள் நூல் மாதிரி இழுபட்டுப் போய் அந்தப் பக்கம் மேலே வந்தது. அந்த நூலைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. இப்போது ஈரப்பதம் பகலில் 64, ராத்திரி 72.

சூட்டுக்குக் கூரையில் செராமிக் விளக்கு, வெளிச்சம் கிடையாது, சுற்றிக் கம்பிக் கூடு, தெர்மோஸ்டாட் வழியாக. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பகலில் அது எரிவதே அபூர்வம். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஏழு வரை எரிகிறது, மழை நாளில் இன்னும் கொஞ்சம். பெட்டியைக் கூடத்தின் உள்சுவரில் வைத்திருக்கிறேன், தகரக் கூரைக்கு அடியில் உள்ள பின் அறையில் மத்தியானம் 36 காட்டியது, அதுவும் ஆபத்து. ஏர்கான் அறைக்கும் அவளுக்கும் இனிச் சம்பந்தமே இல்லை.

ஹைட் இரண்டு, ஒரே அளவு, ஒன்று சூட்டில் ஒன்று குளிரில். முன்பு சூட்டுப் பக்கம் மட்டும்தான் இருந்தது, பாதுகாப்பா சுகமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் அவளை வைத்திருந்தேன். உடம்பு மூன்று பக்கமும் இடிக்கிற மாதிரிச் சின்னதாக இருந்தால்தான் நிம்மதியாகப் படுக்கிறாள்.

போன வியாழன் சட்டை உரித்தாள். ஒரே துண்டு, கண் மூடிகள் இரண்டும் அதிலேயே இருந்தன, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நேற்று ராத்திரி ஒரு சின்ன எலி, உறைந்ததை இளக்கிக் கொடுத்தது, நான் இடுக்கியை நீட்டி முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள். அதற்கு முன் எடுத்த எடை 1,188.

தைப்பிங் தம்பி | ஞாயிறு, மாலை 5.50

அண்ணே, மிகவும் சந்தோஷம். என் உண்ணி பிரச்சினையும் முடிந்தது. ஒரே ஒரு சந்தேகம், தள்ளுக் கண்ணாடிக்குப் பூட்டு என்ன போட்டீர்கள்? என்னுடையது மூக்கால் நெட்டித் திறந்துவிடுகிறது.

சிப்புட்காரன் | ஞாயிறு, மாலை 6.20

நகைக்கடை, கைப்பேசிக் கடைக் கண்ணாடி அலமாரியில் போடுவார்களே, பல் வைத்த தகடும் சின்னச் சாவியும், அதுதான். ஹார்ட்வேர் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், துளை போட வேண்டாம், ஓரத்தில் மாட்டினால் போதும். இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்தில் இடைவெளி இருக்கும், அங்கே ஒரு ரப்பர் பட்டை ஒட்டிவிடுங்கள், கார்ன் ஸ்னேக் உடம்பு மெல்லிசு, அந்த வழியாகவே போய்விடும். சாவி ஒன்றைப் பாட்டியிடம் கொடுத்திருக்கிறேன், நான் ஷிஃப்ட் போனபிறகு தண்ணீர் மாற்றுவது அவர்தான்.